ஒப்பந்தத்தில் "அமைதியாக அனுபவித்துக்கொள்ளலாம்" என்று இருந்தால் சத்தம் இருக்காதா?

(வாசகர் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்)

ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், நிறுவனம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 31. நகரத்தில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை. அம்மாவுடன் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறார். வேலைக்குப் போக 35 நிமிடம். கீழ்த்தளத்தில் ஒரு வண்டிப் பட்டறை. குடிவரும்போதே அது இருந்தது, ஆனால் மாலை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். ஒரு வருடமாக வீட்டுக்காரரின் சம்மதத்தோடு இரவு பதினொன்று வரை தட்டுகிறார்கள். இவருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, தூக்கமும் லேசானது. சம்பளத்தை 100 பங்காக வைத்தால் 45 பங்கு வாடகைக்கே போகிறது. (கணக்குப் பிரிவு இல்லையா, தொகையைச் சொல்லாமல் பங்காகவே எழுதியிருக்கிறார். எனக்கும் அது வசதியாகப் போயிற்று.)

இப்போது நகரத்துக்கு வெளியே ஒரு தனி வீடு கிடைத்திருக்கிறது. வாடகை 20 பங்கு. மூன்று பக்கமும் காலி மனை. ஞாயிறு மதியம் போனில் மேப் பார்த்தபோது காரில் 1 மணி 10 நிமிடம் என்று காட்டியது. இரண்டு வருடம் முடியும்வரை காலி செய்யக் கூடாது என்பது நிபந்தனை. பக்கத்து மனையில் யாரும் கட்ட மாட்டார்கள், என் வார்த்தையை நம்பலாம் என்கிறார் வீட்டுக்காரர். தரகர், இந்த வாரக் கடைசிக்குள் டோக்கன் கொடுக்காவிட்டால் வீடு போய்விடும் என்கிறார்.

அவருடைய கேள்விகள் மூன்று. கையெழுத்துப் போடலாமா? ஒப்பந்தத்தில் "எவ்வித இடையூறுமின்றி அமைதியாக அனுபவித்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி இருக்கிறதே, பின்னால் சத்தம் வந்தால் அதைக் காட்டி அட்வான்ஸோடு வெளியே வர முடியுமா? இப்போதைய வீட்டுக்காரர் எதற்கும் அசைவதில்லை. கடைசி மூன்று மாத வாடகையை நிறுத்திவிட்டு அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் அதிகம் நம்பியிருப்பது அந்த ஒரு வரியைத்தான். அது உங்களைக் காப்பாற்றாது.

அந்த வரியின் பொருள்

வாடகை ஒப்பந்தங்களில் வரும் இந்த வாசகம் ஆங்கிலேயச் சட்ட மரபிலிருந்து வந்தது. வீட்டுக்காரரோ அவர் சார்பில் வருபவர்களோ உங்கள் குடியிருப்பில் தலையிட மாட்டார்கள், சொல்லாமல் பூட்டுப் போட மாட்டார்கள், வேறொருவர் இது என் வீடு என்று வந்து உங்களை வெளியேற்ற மாட்டார் என்பதற்கான உறுதி அது. அங்கே "அமைதியாக" என்றால் தொல்லையில்லாமல் என்று பொருள். சத்தமில்லாமல் என்று பொருளில்லை.

இது சும்மா வார்த்தை விளையாட்டு இல்லை. லண்டனில் சவுத்வார்க் நகராட்சிக்குச் சொந்தமான பழைய அடுக்குமாடி வீடுகளில் இருந்தவர்கள் இதே வரியை வைத்து வழக்குப் போட்டார்கள். சுவர்களில் ஒலித்தடுப்பே கிடையாது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, குழந்தை அழுகை, பேச்சு எல்லாம் தெளிவாகக் கேட்கும். 1999-இல், அப்போது அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அக்கம்பக்கத்தார் இயல்பாகப் புழங்குவதால் வரும் சத்தம் இந்த உறுதியை மீறியதாகாது. குடிவரும் நாளில் கட்டடம் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில்தான் வாடகைதாரர் அதை ஏற்றுக்கொள்கிறார் என்றார்கள். அந்தக் குடித்தனக்காரர்கள்மேல் நீதிபதிகளுக்கு அனுதாபம் இல்லாமல் இல்லை. ஆனாலும் சட்டம் அவ்வளவுதான் கொடுத்தது.

உங்கள் நாட்டுச் சட்டம் கொஞ்சம் வேறாக இருக்கலாம், உள்ளூர் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஆனால் இந்த வரியை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அமைதி முக்கியம் என்றால் அதைக் கையெழுத்துக்கு முன்னால் நேரில் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அல்லது தெளிவான நிபந்தனையாக எழுதி வாங்க வேண்டும்.

எதை எழுதி வாங்க முடியும்? "பக்கத்து மனையில் யாரும் கட்ட மாட்டார்கள்" என்பதை முடியாது. அது அவருடைய நிலம் இல்லை. நாளைக்கு அதன் சொந்தக்காரர் கல்லும் மணலும் கொண்டுவந்து கொட்டினால் உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்வார்? நீங்கள் மூன்று பக்கமும் காலி என்று மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியில் மூன்று கட்டுமான வேலைகளைப் பார்க்கிறேன். வாடகைத் தகராறுகளைப் பார்த்துப் பார்த்து வந்த புத்தி, மன்னியுங்கள். ஆனால் அவர் தன் சொந்தக் கட்டடத்தைப் பற்றி உறுதி கொடுக்கலாம்: இரண்டு வருடத்துக்கு மேல்மாடி எழுப்ப மாட்டேன், முன்பக்கத்தைக் கடைக்கோ பட்டறைக்கோ விட மாட்டேன் என்று. அதைக் கேளுங்கள். வார்த்தையை நம்பச் சொல்பவர் அந்த வார்த்தையை எழுதித் தரத் தயங்கினால், அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

தூரத்துக் கணக்கு

நீங்கள் சொன்ன 1 மணி 10 நிமிடம், ஞாயிறு மதியம் காரில் போனால் ஆகும் நேரம். நீங்கள் போகப்போவது வேலைநாளில், ரயிலில். உங்கள் கடிதத்திலேயே துண்டு துண்டாக எல்லாம் இருக்கிறது: வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு 15 நிமிடம், அரை மணிக்கு ஒரு ரயில் என்பதால் நேரம் பார்த்துப் போனாலும் 10 நிமிடக் காத்திருப்பு, ரயிலில் 55, இறங்கி அலுவலகத்துக்கு 20. மொத்தம் 1 மணி 40 நிமிடம். போக வர 3 மணி 20 நிமிடம்.

இப்போது போக வர 1 மணி 10 நிமிடம்தான். அதாவது ஒரு நாளைக்கு 2 மணி 10 நிமிடம் கூடுகிறது. மாதம் 22 வேலைநாள் என்றால் 47 மணி 40 நிமிடம். வாடகையில் 25 பங்கு மிச்சம், சரி. போக்குவரத்துச் செலவு 3 பங்கிலிருந்து 12 பங்காகும் என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள், மாதக் கடைசியில் நேரமாகும்போது எடுக்கும் வாடகை வண்டியையும் சேர்த்து. அதனால் உண்மையான மிச்சம் 16 பங்கு. மாதம் 176 மணி நேரம் உழைத்து 100 பங்கு வாங்குகிறீர்கள். 16 பங்கு என்பது சுமார் 28 மணி நேரச் சம்பளம். அந்த 28 மணி நேரச் சம்பளத்துக்காக ஏறக்குறைய 48 மணி நேரம் ரயிலிலும் பிளாட்பாரத்திலும் நிற்கப் போகிறீர்கள்.

சிலருக்கு இது ஒத்துவரும். உட்கார இடம் கிடைத்து, படிக்கவோ தூங்கவோ முடிந்தால் அந்த நேரம் முழுக்க வீண் இல்லை. ஆனால் நெடுந்தூரம் போய்வருபவர்களைப் பற்றி ஸ்டட்ஸர், ஃப்ரை என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஜெர்மனியில் பல ஆண்டுத் தரவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். 2008-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, பயணநேரம் கூடக் கூட வாழ்க்கையில் திருப்தி குறைகிறது. குறைந்த வாடகையோ கூடுதல் சம்பளமோ அதை ஈடுகட்டுவதில்லை. வீடு பார்க்கும்போது வாடகை கண்ணுக்குத் தெரிகிறது. பயணம் குடிபோன பிறகுதான் தெரிகிறது.

வாடகை சம்பளத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். அது ஏதோ இயற்கை விதி இல்லை. அமெரிக்காவில் அரசுக் குடியிருப்பில் இருப்பவர்களிடம் எவ்வளவு வாடகை வாங்கலாம் என்பதற்கு 1969-இல் 25 சதவீதம் என்று வரம்பு வைத்தார்கள், 1981-இல் அதை 30 ஆக்கினார்கள். அது பிறகு எல்லோருக்குமான அறிவுரையாகிவிட்டது. வாடகையையும் போக்குவரத்தையும் சேர்த்துப் பார்ப்பதே சரி. இரண்டும் சேர்ந்து 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றொரு அளவும் புழக்கத்தில் இருக்கிறது. இப்போது நீங்கள் 48-இல் இருக்கிறீர்கள். கொஞ்சம்தான் அதிகம், மூழ்கிவிடவில்லை. அவசரப்பட வேண்டிய நிலை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது: "அம்மாவுக்கு மூட்டு வலி, தனியாக வெளியே போக மாட்டார்." காலை ஏழுக்குக் கிளம்பி இரவு எட்டரைக்குத் திரும்பினால், பக்கத்தில் வீடே இல்லாத இடத்தில் பதின்மூன்றரை மணி நேரம் அவர் தனியாக இருப்பார். அவருக்குத் தலைசுற்றினால் யாரைக் கூப்பிடுவார்? நீங்கள் வருவதற்கே 1 மணி 40 நிமிடம் ஆகும். இதைப் பற்றி அவரிடம் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்டுவிடுங்கள். உங்களுக்கு வேண்டிய அதே அமைதி அவருக்குத் தனிமையாக இருக்கலாம்.

நீங்கள் தள்ளிவிட்ட வீடு

வழியில் நான்காவது ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்க வீட்டைப் பார்த்ததாகவும், 33 பங்கு வாடகை, சிறியது, ரயில் பாதை பக்கத்தில் என்பதால் வேண்டாம் என்று விட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வீட்டின்மேல்தான் கண். அங்கிருந்து அலுவலகம் 55 நிமிடம். போக்குவரத்து 5 பங்கு ஆகுமென்றால் மொத்தம் 38. இப்போதைவிட 10 பங்கு மிச்சம், அது பதினேழரை மணி நேரச் சம்பளத்துக்குச் சமம். அதற்குக் கொடுக்கும் கூடுதல் பயணநேரம் மாதத்துக்கு 14 மணி 40 நிமிடம். முன்னே போட்ட அதே கணக்கில் இது லாபத்தில் முடிகிறது.

ரயில் சத்தம்? ஒரு வழக்கில் ஒலியியல் நிபுணர் ஒருவரைக் குறுக்கு விசாரணை செய்யப்போய் நானே பாடம் கற்றுக்கொண்டு வந்தேன். அவர் சொன்னதில் மூன்று விஷயங்கள் உங்களுக்குப் பயன்படும்.

ஓயாமல் வண்டி ஓடும் சாலையிலிருந்து தூரத்தை இரு மடங்காக்கினால் சத்தம் சுமார் 3 டெசிபல்தான் குறையும். காதுக்குப் பாதியாகக் குறைந்ததுபோலத் தோன்ற வேண்டுமென்றால் 10 டெசிபல் குறைய வேண்டும். ஆக 50 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்குத் தள்ளிப்போனால் பெரிதாக ஒன்றும் தெரியாது. இடையில் ஒரு கட்டடம் நின்று மறைத்தால், அதே தூரத்திலேயே பெரிய வித்தியாசம் தெரியும். நெடுஞ்சாலையைப் பார்த்து நிற்கும் ஒதுக்குப்புற வீட்டைவிட, நகரத்துக்குள் ஒரு சந்தில் பின்பக்க அறை அமைதியாக இருப்பது இதனால்தான்.

இரண்டாவது, தூக்கத்தைக் கெடுப்பது சத்தத்தின் சராசரி மட்டுமில்லை, திடீரென்று எழும் உச்சமும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டி, படுக்கையறைக்குள் இரவு 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும், தனித்தனியாக எழும் சத்தம் 45-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அந்தப் பாதையில் இரவு பதினொன்று முதல் காலை ஐந்து வரை ரயில் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆறு மணி நேரம் ரயிலே போகாத பாதை, பதினொன்று வரை சுத்தியல் அடிக்கும் பட்டறையைவிட மோசமா? சரக்கு ரயில் போகிறதா என்று மட்டும் விசாரியுங்கள். அது அட்டவணையில் இருக்காது.

மூன்றாவது, காற்றில் வரும் சத்தத்தை ஜன்னலை இறுக்கமாகச் சாத்தினால் ஓரளவு தடுக்கலாம். மேல்வீட்டுக் காலடி, இழுபடும் நாற்காலி, சுவரோடு பொருத்திய மோட்டார் இவையெல்லாம் கட்டடத்தின் வழியாகவே இறங்கும். உங்கள் கூரையில் எதை ஒட்டினாலும் முழுக்க நிற்காது, சத்தம் கிளம்பும் இடத்தில்தான் சரிசெய்ய முடியும். அதனால் அந்த வீட்டில் ரயிலைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, மேலே யார் இருக்கிறார்கள், தண்ணீர் மோட்டார் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குப் போடுகிறார்கள் என்பதுதான்.

எந்த வீடானாலும் மூன்று முறை போங்கள்: வேலைநாள் காலை ஆறு மணிக்கு, இரவு பத்தரைக்கு, ஒரு விடுமுறை நாளில். படுக்கையறையில் தரகரைப் பேசவிடாமல் இருபது நிமிடம் உட்காருங்கள் (இதுதான் கஷ்டம்). முதலில் ஜன்னலைத் திறந்து, அப்புறம் மூடி. போனில் டெசிபல் காட்டும் செயலிகள் துல்லியமானவை இல்லை, ஆனால் ஒரே போனை வைத்து இரண்டு வீட்டை ஒப்பிட உதவும். இப்போதைய வீட்டிலும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். தெருவில் வேகத்தடை இருக்கிறதா, பேருந்து திரும்பும் இடமா, எதிர்ச் சுவரில் யாருடைய ஏசி இயந்திரம் தொங்குகிறது என்று பாருங்கள். முன்பு இருந்தவர் ஏன் காலி செய்தார் என்பதை வீட்டுக்காரரிடம் கேட்டால் ஒரு பதில் வரும், எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

டோக்கன் கொடுக்கும் முன்

டோக்கன் திரும்பி வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுதாத டோக்கன் திரும்பி வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. கொடுப்பதாக இருந்தால், எந்த வீட்டுக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் ஒப்பந்தம், நடக்காவிட்டால் பணம் என்ன ஆகும் என்ற நான்கும் உள்ள ரசீது வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்துடன். தரகரிடம் சாவி இருப்பதால் அவருக்கு வீட்டை வாடகைக்கு விடும் அதிகாரம் இருப்பதாக ஆகாது. சொத்து ஆவணத்தையோ வரி ரசீதையோ பார்த்து, அந்தப் பெயர்க்காரரும் கையெழுத்துப் போடுபவரும் ஒருவர்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பணத்தை முடிந்தவரை அவர் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள்.

இரண்டு வருடக் கட்டாயத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்து அபராதமில்லாமல் வெளியேறலாம் என்று ஒரு விதி சேர்க்கச் சொல்லுங்கள். சத்தத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லாத விதிதான் உங்களுக்கு நல்லது. எத்தனை டெசிபல், யார் அளந்தது என்ற வாதத்தில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். அந்தப் பழைய "அமைதியாக" வரி செய்யாத வேலையை இது செய்யும்.

இப்போதைய வீடும் நிறுத்த நினைக்கும் வாடகையும்

இதற்கு மட்டும் நேரடியாகச் சொல்கிறேன்: வாடகையை நிறுத்தாதீர்கள். உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் அந்த நாளோடு மறைந்துவிடும். பட்டறையைப் பற்றிய வழக்கு, வாடகை பாக்கி வழக்காக மாறிவிடும். அட்வான்ஸில் கழித்துக்கொள்வதற்கு வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தால் செய்யலாம். இல்லாவிட்டால் வேண்டாம்.

புகார் சொல்லிப் பயனில்லை என்கிறீர்கள். இதுவரை வாய்மொழியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். குடிவந்தபோது பட்டறை இருந்தது உண்மை, அது உங்களுக்குப் பலவீனம். ஆனால் இரவு வேலை பிறகு வந்தது, அதுவும் வீட்டுக்காரர் சம்மதத்தோடு. மேலே சொன்ன தீர்ப்பு குடிவரும்போதே இருந்த நிலையைப் பற்றியது. பின்னால் வீட்டுக்காரர் அனுமதித்ததைப் பற்றி வாதாட உங்களுக்கு இடம் இருக்கிறது. பட்டறைக்காரர்மேல் நேரடியாகவும் தொல்லை வழக்கு வரலாம். இரவு நேரத்துக்குப் பல நாடுகளில் தனி ஒலி வரம்பு உண்டு, பட்டறையின் உரிமத்தில் வேலை நேரமும் குறிக்கப்பட்டிருக்கலாம். உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன சத்தம் என்று எழுதி, அதன் நகலோடு வீட்டுக்காரருக்குக் கடிதம் கொடுங்கள். தலைவலிக்குப் பார்க்கும் மருத்துவரிடமிருந்து ஒரு குறிப்பும் இருந்தால் இணையுங்கள்.

மாலை ஆறு மணி என்ற பழைய ஏற்பாடு திரும்பிவிட்டால், 35 நிமிடத்தில் அலுவலகம் இருக்கும் அந்த வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டுமா என்று யோசித்துப் பார்க்கலாம். திரும்பாவிட்டாலும், காலி செய்யும் நேரத்தில் அட்வான்ஸ் பிடித்தம் பற்றிப் பேச அந்த நோட்டும் கடிதமும் கையில் இருக்கும்.

தரகர் இந்த வாரக் கடைசி என்று சொன்னதற்கு, "வேலைநாள் ஒன்றில் அங்கிருந்து ஒருமுறை அலுவலகம் போய்வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அதற்குள் வீடு போனால் போகட்டும். அப்படிப் போய்ப் பார்க்கும் நாளில், திரும்பும் வழியில் அந்த நான்காவது ஸ்டேஷனிலும் இறங்குங்கள். இரவு பத்தரை மணி வாக்கில் என்றால் இன்னும் நல்லது. முடிந்தால் அம்மாவையும் வரச் சொல்லுங்கள்.